மூட்டைக்கட்டுக் கொண்டை

என் தலைமுடியை என் கணவர் கட்டிவிட்ட முதல் நாள், அதை அவிழ்க்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் பார்க்கிற மனிதருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டுதான், மூட்டைக்கட்டு. லாரியில் ஏறி, மழையில் நனைந்து, ஊர் ஊராகக் கை மாறினாலும் அது அவிழக்கூடாது. என் தலையும் அவருக்கு அப்படி எங்கோ அனுப்ப வேண்டிய சரக்காகத் தெரிந்திருக்கும். கட்டி முடித்து, மேலே ஒரு தட்டும் தட்டி, "இனி அவுராது, கேட்டியா" என்றார்.

சொன்னபடியே அவிழவில்லை. ராத்திரி படுக்கப் போகுமுன் இருவரும் போராடிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினோம். அது அலமாரியின் மேல் தட்டில், தையல் டப்பாவுக்குள் இருந்தது. கனமான தகர டப்பா. இரண்டு கையையும் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்கும் அவரையே கூப்பிட வேண்டியிருந்தது.

என் வலது தோள் இறுகிப் போயிருந்தது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். சாப்பிடலாம், எழுதலாம், கணவரை நோக்கி விரலை நீட்டித் திட்டலாம். முழங்கை நெஞ்சுக்கு மேலே மட்டும் போகாது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கொண்டையை நானே முடிந்துகொள்ள முடியவில்லையே என்பதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. முடியை வெட்டிக்கொள்ளச் சொன்னவர்களோடு ஒரு வாரம் பேசவில்லை.

இதில் ஆவணி மாதம் திருநெல்வேலியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வேறு. தங்கையிடம் தலையை நீட்டினால் ஆசையாகத்தான் வாரிவிடுவாள். வாரிக்கொண்டே, பாவம் அக்காவுக்குக் கையே தூக்க முடியவில்லை என்று மண்டபம் முழுக்க ஒலிபரப்பியும் விடுவாள். அதைவிட வற்றல் மூட்டையாகவே போய் இறங்கலாம். இரண்டும் வேண்டாம், என் கையால் முடிந்த கொண்டையோடுதான் அந்த மண்டபத்துக்குள் நுழைவேன் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

சபதம் போடுவது சுலபம். பிசியோதெரபிக்குப் போன இடத்தில் என் மகள் வயதில் ஒரு மலையாளப் பெண், சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றச் சொன்னாள். தினமும் காலையும் மாலையும். வெறும் சுவரில், பேச்சுத் துணைகூட இல்லாமல். வீட்டில் அதைச் செய்தேன் என்று சொன்னேனே தவிர, செய்தேன் என்று சொல்ல முடியாது.

பெங்களூரில் இருக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது, இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தன்னுடைய பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள். இது பட்டனை அமுக்கி ஆடுகிறதில்லையாம். ரிமோட்டைக் கையில் பிடித்து டென்னிஸ் மட்டை மாதிரி வீச வேண்டும். நாம் வீசினால் திரையில் இருக்கும் பொம்மை வீசும். தோளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்றாள். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பொம்மையும் செய்து வைத்தாள். அவர் பொம்மைக்கு மீசை. என் பொம்மைக்கு உச்சந்தலையில் அம்சமான ஒரு கொண்டை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

மகள் ஊருக்குப் போனதும் ஆட்டம் சூடு பிடித்தது. சாயங்காலம் கடையைத் தன் அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்ததும், என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். அந்த விளையாட்டில் ஓட வேண்டிய அவசியமே இல்லை, பொம்மை தானாக ஓடும். அவரிடம் யார் சொல்வது? சோபாவிலிருந்து சாப்பாட்டு மேஜை வரைக்கும் ஓடினார். எட்டாத பந்துக்கு எக்கினார். டீப்பாயில் இடித்துக்கொண்டு, டீப்பாய் இருந்த இடத்தைக் குறை சொன்னார். இத்தனை வருஷமாக மூட்டை எண்ணிக்கை தவிர வேறு எதிலும் ஆர்வம் காட்டாத மனிதர், ஒரு பாயிண்ட் எடுத்ததும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார், யாராவது கவனித்தார்களா என்று.

அறுபது வயதுக்காரர்கள் இரண்டு பேர் முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடினால் அக்கம்பக்கத்தார் டாக்டருக்குப் போன் செய்வார்கள். அதையே டிவி முன்னால் செய்தால் சிகிச்சை என்கிறார்கள். அந்த வகையில் இந்தப் பெட்டிகளுக்கு நான் நன்றியுடையவள்தான்.

நான் முதல் இரண்டு நாள் கையை ஒழுங்காகத்தான் வீசினேன். வலித்தது. மூன்றாம் நாள், வலிக்குப் பயந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினேன். திரையில் என் பொம்மை உடம்பை வளைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஓங்கி அடித்தது. பந்து என் கணவரைத் தாண்டிப் போயிற்று. எனக்கு ஞானோதயம் பிறந்தது அப்போதுதான். உடம்பு அசையாமல் வேலை நடந்ததாகக் காட்டும் வித்தையை நான் அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கற்றவள். அதற்கு இப்படி ஒரு மைதானம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பந்தை விட்டுக் கண்ணை எடுக்காத என் கணவர் என் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து எல்லா ஆட்டமும் எனக்குத்தான்.

இந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டிகளிடம் உள்ள குறையே இதுதான். நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடுகின்றன. சின்ன வயதில் நாங்கள் பாண்டி ஆடினால், கோட்டை மிதித்தாயா இல்லையா என்று சண்டை போட்ட நேரம்தான் அதிகம், ஆடிய நேரம் குறைவு. என் மாதிரி அழுகுணி ஆட்டக்காரிகளை வளைத்துப் பிடிக்க நாலு ஜோடிக் கண் சுற்றி நிற்கும். இந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. மணிக்கட்டு ஆடினால் போதும், கைதட்டிப் பாராட்டுகிறது.

பிசியோதெரபிப் பெண்ணுக்குக் கண் இருந்தது. தினமும் டென்னிஸ் ஆடியும் கை ஏன் ஏறவில்லை என்று சந்தேகப்பட்டு, எப்படி ஆடுகிறீர்கள், காட்டுங்கள் என்றாள். யோசிக்காமல் மணிக்கட்டைச் சுண்டிக் காட்டிவிட்டேன். துணைக்கு வந்திருந்த என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இத்தனை நாளும் நான் வேர்க்க விறுவிறுக்க ஓடுனது உனக்கு வேடிக்கையா?"

ஆமாம் என்று சொல்லவில்லை. சிரிப்பை அடக்கியதில் தோள் வலித்தது.

இனி நின்றுகொண்டுதான் ஆட வேண்டும் என்று மறுநாள் புதுச் சட்டம் போட்டார். நின்றேன். நின்றபடியே சுண்டினேன். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிப் பழக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தூக்கப் போனால் அந்தப் பழைய வலி வந்துவிடும் என்கிற பயம், கையைவிட இறுகிப் போயிருந்தது. அதை அவரிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் நான் ஜெயித்தேன் என்ற நேரத்தில் கரண்ட் போயிற்று. இடது கையால் செல்போனை எடுத்து டார்ச் போட்டேன். அதற்குள் என் வலது கையிலிருந்த ரிமோட்டை அவர் பிடுங்கிக்கொண்டார்.

"கேம் கேன்சல்" என்றார். "கரண்ட் போனா எல்லாம் போச்சு. அதான் ரூல்."

அது யார் வைத்த ரூல் என்று கேட்டேன். தான் வைத்தது என்றார். கூடவே, இந்த ரிமோட்டில்தான் ஏதோ கள்ளம் இருக்கிறது, நாளை முதல் இது தனக்கு என்று சொல்லித் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மனிதர் நல்ல உயரம். எனக்கு வந்த கோபத்தில் வயது, தோள், கல்யாணம் எதுவும் ஞாபகமில்லை. ஜெயிக்கப் போன ஆட்டத்தைப் பறிகொடுத்த பத்து வயதுக்காரியின் கோபம் அது. குதிகாலை உயர்த்தி ஒரே எட்டு எட்டி ரிமோட்டைப் பறித்தேன்.

பறித்த பிறகுதான் பார்த்தேன். டார்ச் இடது கையில் இருந்தது. ரிமோட்டோடு மேலே நின்றது வலது கை.

வலித்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. இறக்கினால் மறுபடி ஏறாதோ என்று அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அவர், "அசையாத, அசையாத" என்று சொல்லிக்கொண்டே போட்டோ எடுக்கத் தன் செல்போனை இருட்டில் தேடினார். கண்ணாடிதான் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. பெட்டியை யாரும் போடவில்லை.

அடுத்த முறை போய்க் காட்டியபோது, தோள் கொஞ்ச நாளாகவே இளகி வந்திருக்கிறது, நான்தான் பயந்து அடக்கி வைத்திருந்தேன் என்றாள் பிசியோதெரபிப் பெண். கையை எடுத்த எடுப்பில் இவ்வளவு உயர்த்தியதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

"அம்மே, இது எந்து எக்ஸர்சைஸ்?"

"பிடிச்சுப்பறி" என்றார் என் கணவர், அவளுக்குப் புரிய வேண்டுமென்று மலையாளத்தில். வழிப்பறிக்குச் சொல்கிற வார்த்தை அது. அவள் சிரித்துவிட்டு, நிறுத்த வேண்டாம், தினமும் செய்யுங்கள் என்றாள். அதனால் தினமும் சாயங்காலம் அவர் ரிமோட்டைத் தூக்கிப் பிடித்தார், நான் பறித்தேன். டிவியைப் போடவில்லை. மகள் போனில் ஸ்கோர் கேட்டபோது இருவரும் மழுப்பினோம்.

கல்யாணத்துக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது என் தலையில் இருந்தது என் கையால் முடிந்த கொண்டை. கொஞ்சம் கோணல். ஜன்னல் காற்றுக்கு நாகர்கோவில் பக்கம் அவிழ்ந்தும் விட்டது. உடனே என் கணவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். அளவாக வெட்டி, அழகாகச் சுற்றி வைத்த சணல் கயிறு.

"ஒரு சேஃப்டிக்கு" என்றார்.

நான் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டி நிறைய ஜனங்களுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கி, நிதானமாகக் கொண்டையை மறுபடி முடிந்தேன். அவர் கயிற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் ஏமாற்றமும்.

அந்தக் கயிறு வீணாகவில்லை. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது தங்கை கொடுத்த அல்வாப் பொட்டலத்தை அதை வைத்துத்தான் கட்டினார். வீட்டுக்கு வந்து அவிழ்க்கப் பார்த்தோம், வழக்கம்போல முடியவில்லை. கத்தரிக்கோல் அலமாரியின் மேல் தட்டில், தையல் டப்பாவுக்குள் இருந்தது. அவர் எழுந்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நானே போய் டப்பாவை இறக்கினேன்.