இட்லித் துணி கட்டிய விளக்கு

சில வருஷங்களுக்கு முன்னால் காட்டுப்பாக்கத்து மண்டபத்தில் சாவித்திரியின் மகளுக்குக் கல்யாணம். புருஷனை இழந்தவள் முன்னால் நிற்கக் கூடாதென்று சாவித்திரி தூணோரமாக ஒதுங்கி நின்றாள். வீடியோக்காரரோடு லைட் பிடிக்க வந்திருந்த மோகன், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அந்தத் தூண் பக்கம் திருப்பினார். கேமராவும் திரும்பியது. பெற்றவள் படத்தில் விழுந்தாள். அதைக் கவனித்தது அவர் மனைவி பூங்காவனம் மட்டும்தான். சாவித்திரி அவளுடைய அக்கா.

மண்டபம் மண்டபமாக லைட் பிடித்தே பிழைத்த அந்த மனிதருக்கு இப்போது ஈரல் கெட்டு, முகமும் கண்ணும் மஞ்சள் பூத்துவிட்டன. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மஸ்கட்டில் மாசமாக இருக்கும் மகள் ஹேமாவதிக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் அழுதுகொண்டு விமானம் ஏறிவிடுவாள். முன்பே இருமுறை கலைந்த வயிறு.

"வளைகாப்புக்குத்தான் உங்களால வர முடியல. ஜோடியா ஒரு போட்டோவாச்சும் அனுப்புங்கம்மா. பக்கத்துல வெச்சுகினு உக்காருறேன்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கோவில்பதாகையில் தங்கள் வீட்டுக் கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசாமல் விழ, எமர்ஜென்சி லைட்டின் மேல் இட்லித் துணியைச் சுற்றச் சொன்னார் மோகன். பக்கத்து வீட்டு ரசூல் பீவி போனைப் பிடித்தாள்.

"இன்னாண்ணே, புது மாப்ள மாரி வெறச்சிகினு கீற?"

"கை ஆடாம எடும்மா, போதும்."

வெள்ளை வேட்டிக்கு முன்னால் மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. துணியை மடித்துக் கட்டினார்கள். டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஊரார் முகத்துக்கெல்லாம் வெளிச்சம் காட்டியவர், தன் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

பூங்காவனம் அடுப்படியிலிருந்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"மவளுக்கு அங்க வளைகாப்பு, நமக்கு இங்க நலங்குயா. யாரு கேக்கப் போறா?"

அவர் கன்னத்தில் பூசினாள். தன் கன்னத்திலும் அப்பிக்கொண்டாள். "வேம்புலியம்மா தாயே, எம்புள்ளைக்கு இது மட்டும் தெரியாம பாத்துக்க."

"கண்ணுக்கு இன்னாத்தப் பூசுவ?" என்றார் மோகன்.

சிரிப்பவர் போல அவரே கண்களை இடுக்கிக்கொண்டார். பீவி எடுத்தாள்.

படம் போன கொஞ்ச நேரத்தில் ஹேமாவதியின் குரல் பதிவு போனில் வந்தது. "ம்மா, நலங்கெல்லாம் சூப்பரு. அப்பா ஏன் கண்ணையே தொறக்கல?"

பூங்காவனம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், "இதுக்கு மேல நீங்க வரக் கூடாதும்மா" என்று நர்ஸ் கதவருகே தடுத்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மோகன் பூங்காவனத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி.

"வீடியோல கூப்டுவா. நெட்டு வரலன்னு சொல்லிடு, பூங்கா. கொழந்த பொறக்கட்டும்."