மருந்து குறைத்த தோட்டாக்கள்

அத்தா வாங்கிய மேக்னம் துப்பாக்கி, மானைச் சுடுவதற்கு முன்பு அத்தாவைத்தான் அடித்தது.

அத்தா என்றால் அப்பா. நான் ஐந்தாம் வகுப்பை ஊரில் முடித்த கையோடு எங்களை டெக்சாஸில் இருக்கிற ரிச்சர்ட்சனுக்கு அழைத்து வந்துவிட்டார். டெலிபோன் கம்பெனிகள் ஆட்களை வாரி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கடைக்காரன் எதைக் காட்டினாலும் இதைவிடப் பெரியது இல்லையா என்று கேட்பது அத்தாவின் பழக்கம். எங்கள் டிவி அப்படி வந்தது, வேன் அப்படி வந்தது. துப்பாக்கியும் அப்படித்தான். கரடியைச் சாய்க்கிற சாமான். டெக்சாஸ் மானோ நம் ஊர் வெள்ளாட்டுக்குக் கொஞ்சம் அண்ணன், அவ்வளவுதான்.

சுடும் மைதானத்தில் முதல் குண்டுக்கே துப்பாக்கி பின்னால் உதைத்து, மேலே இருந்த, குறி பார்க்கிற ஸ்கோப் அத்தாவின் புருவத்தைப் பிளந்துவிட்டது. தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். ஆனால் அதற்குப் பிறகு விசையில் விரல் படும் முன்பே அவருடைய கண்கள் இறுக மூடிக்கொண்டன. குண்டு எங்கெங்கோ போனது. துப்பாக்கி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

அந்தக் கோடையில் அவருக்கு வேலையும் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் பள்ளிவாசல் வாசலில் ஒரு மணி நேரம் அரட்டை அடிக்கிற மனிதர், இப்போது தொழுது முடித்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வேனுக்கு ஓடினார். "என்ன பாய், எங்கயாச்சும் இன்டர்வியூ கால் வந்துச்சா?" என்று அங்கிள்மார் கேட்டுவிடுவார்களே என்ற பயம். பிறகு பள்ளிக்குப் போவதே குறைந்தது. வீட்டில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். வேலை தேடுவதையும் நிறுத்திவிட்டார் என்று அம்மா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெட்ரோல் போடுகிற ஒரு கேஸ் ஸ்டேஷனில் வேலை பார்த்துக்கொண்டு எங்களுடன் தங்கியிருந்தார். அவருக்குத் தோட்டா செய்கிற பித்து. சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் உட்கார்ந்து துடைத்து, தராசில் வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, நுனியில் குண்டை வைத்து அழுத்துவார். அந்த வேலை நடக்கும்போது யாரும் அவருடன் பேசக் கூடாது. நான் பேசுகிறவன் இல்லை என்பதால் எனக்கு அனுமதி உண்டு.

"ஒன் மச்சான எப்படியாச்சும் வேட்டைக்காவது வெளிய கூட்டிட்டுப் போடா" என்றார் அம்மா. "மான் கெடைக்காட்டியும் பரவால்ல."

"கெடைக்காட்டிதான்க்கா பிரச்சினை. இதுவும் நம்மால முடியலன்னு உக்காந்துருவாரு."

மாமா அத்தாவிடம் நேராகவே கேட்டுப் பார்த்தார். "மச்சான், மருந்தக் கொறச்சு ஸாஃப்டா லோட் பண்ணித் தரவா? மான் பக்கத்துலதான் வரும். அதுக்கு அந்த ஸ்பீடு போதும். உதைக்காது."

"ஏன் மாப்ள, கூடவே ஒரு பால் பாட்டிலும் குடுத்துரு."

"சரி மச்சான், ஃபுல் லோடே போடறேன்."

போடவில்லை. மருந்தைச் சும்மா குறைத்தால் ஆபத்து என்பதால், புத்தகத்தில் பார்த்து, குறைந்த வேகத்துக்கென்றே வேறு மருந்து வாங்கி வந்து, அந்த அளவுக்கே நிறுத்தார். டப்பாவின் மேல் பெரிதாக 'ஃபுல்' என்று எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பொய்யைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது.

"மாமா, தட்ஸ் லையிங்."

"லையிங் இல்லடா, குக்கிங். ஒனக்கு மொளகாத்தூள் கொறச்சுப் போட்டுட்டு அம்மா ஒங்கிட்ட சொல்லிக்கிட்டா இருக்காங்க?"

மெதுவாகப் போகிற குண்டு சீக்கிரம் தாழ்ந்துவிடும். அதனால் ஸ்கோப்பையும் அதற்கேற்பத் திருகி வைக்க வேண்டும். "கண்ணாடி தூசியா இருக்கு மச்சான், தொடச்சுத் தரேன்" என்று மைதானத்தில் துப்பாக்கியை வாங்கி, தானே சுட்டுப் பார்த்துத் திருகிக் கொடுத்தார். அத்தா பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டார். கூட்டமான பஸ்ஸில் ஆள் இடிக்கிற அளவுக்குத்தான் இடித்தது.

"என்ன மாப்ள, ஒதையே காணோம்?"

"தோளு பழகிருச்சு மச்சான்."

அத்தா காலிக் கூட்டை எடுத்து மோந்து பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு அடுத்த தோட்டாவைப் போட்டார். சாயங்காலத்துக்குள் அவர் கண் மூடுவது நின்றிருந்தது.

மான் வேட்டை சீசன் தொடங்கியதும், மாமாவின் கேஸ் ஸ்டேஷனுக்கு வருகிற ஒரு வெள்ளைக்காரரின் நிலத்தில், பலகை மறைப்புக்குள் மூவரும் குந்தியிருந்தோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மான் வந்தது. வேட்டைக் கறி ஹலாலாக வேண்டுமானால் சுடும்போது பிஸ்மி சொல்ல வேண்டும். அத்தா குறி பார்த்து, பள்ளியில் பாங்கு சொல்கிறவரைப் போலக் கணீரென்று, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!" என்றார். மான் ஒரே தாவில் காணாமல் போயிற்று.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "மச்சான், மெல்ல சொன்னாலும் அல்லாவுக்குக் கேக்கும்!"

"நாவால சொல்லணும்டா."

"சொல்லுங்க. மானுக்குக் கேக்காம சொல்லுங்க."

வெயில் ஏறிய பிறகு இன்னொன்று வந்தது. அத்தாவின் உதடு மட்டும் அசைந்தது. கண் திறந்தே இருந்தது. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. உயிர் போகுமுன் அறுக்கக் கத்தியை எடுத்துக்கொண்டு அத்தா ஓடிய ஓட்டத்தை, அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மான் பிரியாணி. அத்தாவே எல்லோருக்கும் போன் போட்டு அழைத்தார். ஒரு அங்கிள் தட்டோடு வந்து, "அப்புறம் பாய், வேல விஷயம்?" என்று ஆரம்பித்தார். "எங்க பாய், தேடிக்கிட்டுதான் இருக்கேன். ஒங்க ஆபீஸ்ல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்றார் அத்தா சாதாரணமாக. பிறகு மேக்னம் எப்படி உதைக்கும் என்று எழுந்து நின்று நடித்தே காட்டினார். பொய்யைப் பொறுக்க முடியாமல் நான் "பட் அத்தா..." என்று வாயெடுத்தேன். அம்மா ஒரு பெரிய கறித்துண்டை என் வாயில் திணித்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்திலேயே அத்தாவுக்கு வேறொரு வேலை கிடைத்தது. பழையதைவிடச் சின்னது.

அடுத்த சீசன் தொடங்கும் முன் மாமா தராசை எடுத்து வைத்தபோது அத்தா கராஜுக்கு வந்தார்.

"போன வருஷம் போட்ட அதே அளவே போடு மாப்ள. ஏத்திராத."

சொல்லிவிட்டு, மாமாவின் தோளில் லேசாகத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

பாவம் அத்தா, இன்னும் அதை முழு மருந்து என்றே நம்பிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய வேடிக்கைக்கு இந்த மனிதர் ஏன் கண் கலங்குகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.