பொறி பறக்காத வேலை

விஸ்வநத்தம் விலக்கு ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த முனியராஜை அந்த வட்டாரத்தில் யாரும் வெறும் முனியராஜ் என்று சொன்னதில்லை. பல்பு முனியராஜ் என்றால்தான் தெரியும். ஒரு இண்டிகேட்டர் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், ஒன்றின் முனையில் கிளிப், மற்றதில் ஊசி. கிளிப்பை வண்டி பாடியில் மாட்டிவிட்டு ஊசியை வயரில் குத்தினால், கரண்ட் இருந்தால் பல்பு எரியும், இல்லாவிட்டால் எரியாது. இதில் என்ன பெரிய வித்தை என்று வெளியூர்க்காரன் கேட்பான். பட்டாசு ஊரில் பிறந்தவன் கேட்க மாட்டான்.

மற்ற எலக்ட்ரீசியன்களுக்கு வயரை உருவி பாடியில் ஒரு உரசு உரசிப் பார்ப்பதுதான் பழக்கம். பொறி பறந்தால் கரண்ட் இருக்கிறது. விருதுநகரில் பருப்பு லாரிக்கு அது சரி. சிவகாசிப் பக்கம் லாரித் தரையில் பட்டாசு மருந்து சிந்திக் கிடக்கும். முனியராஜின் அண்ணன் வேலுச்சாமியும் எலக்ட்ரீசியன்தான். எம். புதுப்பட்டியில் லோடு இறக்கிவிட்டு வந்த லாரியில் அப்படித்தான் ஒருநாள் உரசினார். இரண்டு கையும் போயிற்று. சாகிற வரைக்கும் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டியது தம்பிதான். அதற்குப் பிறகு முனியராஜ் கையில் பொறி என்று ஒன்று பறந்ததே கிடையாது. தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொள்கிற கம்பெனி வாட்ச்மேன்கள்கூட அவருடைய பல்பைப் பார்த்தால் கேட்டைத் திறந்துவிடுவார்கள்.

கடை மேஜைக்குள் ஒரு டிஜிட்டல் மீட்டரும் இருந்தது. மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தலையில் கட்டிய சரக்கு என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அதன்மேல் ஒரு கோபம். துருப்பிடித்து ஒற்றை இழையில் தொங்குகிற வயரிலும் அது கூசாமல் பன்னிரண்டு வோல்ட் காட்டும். ஹெட்லைட்டை மாட்டினால் மினுக்கென்றுகூட எரியாது. பல்பு அப்படிப் பொய் சொல்லாது, அது கரண்டைத் தின்று பார்த்துவிட்டுத்தான் சொல்லும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மதுரைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இப்போது வருகிற வண்டிகளில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது, அதற்குப் போகிற வயர்கள் தாங்குவது கொஞ்சம்போலக் கரண்ட்தான், அதில் பல்பை வைக்கவே கூடாது, மீட்டர்தான் வைக்க வேண்டும், அதற்கும் பிடிபடாவிட்டால் பெட்டிக்குள் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனர் இருக்கிற இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். முனியராஜ் கேட்டுக்கொண்டார். மண்டையில் ஏறியதும் உண்மை. கைக்குத்தான் இறங்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழு தீபாவளி சீசனில், லட்சுமிகாந்தம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனி வேன் கடைக்கு வந்தது. புது வேன். காலையில் விஸ்வநத்தத்துப் பெண்களை எம். புதுப்பட்டிக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் கொண்டுவந்து விடும். பகலெல்லாம் கம்பெனிக்குள்ளேயே நிற்கும். ஏதாவது ஒன்று என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட அது ஒன்றுதான் வண்டி. அந்த ‘ஏதாவது ஒன்று’ என்னவென்று அங்கே யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை.

டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறது, மேட்டில் இழுவை இல்லை என்றார் மேனேஜர் நல்லசிவம். மதுரைக்கு விட்டால் இரண்டு நாள் போட்டுவிடுவார்களாம், சீசனில் அது முடியாதாம். முனியராஜ் யோசித்தார். யோசித்து, மேஜையைத் திறந்து மீட்டரைத்தான் எடுத்தார். அதுவரைக்கும் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மேனேஜர் ஒரு எட்டு பின்னால் போனார். “அதுக்குள்ள பேட்டரி கெடக்கா?”

“சின்னதா ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி. அதால ஒண்ணும் ஆகாது.”

“வேண்டாம்யா. பொம்பளையாளுக சேலையில இருந்து உதுந்த மருந்து வண்டி சீட்டு பூராம் கெடக்கு. ஒம் பல்புன்னா எங்களுக்குப் பயமில்ல.”

அப்படியானால் மதுரைக்கே கொண்டுபோங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பல்பைப் புகழ்ந்ததில் மனசு குளிர்ந்துபோயிற்று, பாவி மனுசனுக்கு. மீட்டரை உள்ளே வைத்தார்.

முதலில் எர்த் வயர்களைப் பார்த்தார். அதற்குக் கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்ட வேண்டும். மாட்டினார். எல்லா எர்த்தும் சுத்தம். கிளிப்பைக் கழற்றிப் பழையபடி பாடியில் மாட்டாமலே ஊசியை இன்ஜின் பக்கம் ஓடிய ஒரு மெல்லிய வயரில் குத்தினார். பல்பு எரிந்தது. இதுவும் நல்ல எர்த்துதான் என்று நினைத்தார். எர்த் இல்லை அது. அந்த வயர் தாங்காத அளவு பேட்டரிக் கரண்ட் பல்பு வழியாக நேரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லை, புகையில்லை, பொறியுமில்லை. சாவியைத் திருப்பியபோது இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார், பிடிக்கவில்லை. கிளிப் இன்னும் பிளஸ்ஸிலேயே மாட்டிக் கிடப்பதை அப்போதுதான் பார்த்தார்.

கம்ப்யூட்டர் போய்விட்டது போலிருக்கிறது என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னார். எப்படிப் போனது என்று சொல்லவில்லை. இந்தக் காலத்து வண்டியே இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டு, மேனேஜர் வேனைக் கட்டியிழுத்து மதுரைக்கு அனுப்பினார். புதுப் பெட்டி சென்னையிலிருந்து வர வேண்டுமாம். பெண்கள் லோடு ஆட்டோவில் வேலைக்குப் போய்வந்தார்கள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் கம்பெனியில் மருந்து ரூம் வெடித்தது. உள்ளே இருந்தது முத்துப்பேச்சி, அடுத்த தெரு கோட்டைச்சாமியின் பெண்சாதி. லோடு ஆட்டோ லேபிள் எடுக்கச் சிவகாசிப் பிரஸ்ஸுக்குப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரைக்கும் வேப்பமரத்தடியில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பேச்சில்லை. பொழுது சாய்கையில் உயிர் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு முனியராஜ் கோட்டைச்சாமி வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்றுதான் போனார். அடித்தால் வாங்கிக்கொள்வது, வெட்டினாலும் சரி. கோட்டைச்சாமி பாயை விரித்து உட்காரச் சொன்னான். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று நர்ஸம்மா கேட்டதை, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதுபோலவே இவருக்கும் சொன்னான். வண்டி இல்லாதபோது எதில் கொண்டுபோவது என்றான்.

“அந்த வண்டிய நிப்பாட்டுனதே நாந்தான் கோட்டைச்சாமி. எம் பல்புதான் கம்ப்யூட்டரச் சுட்டுப்போட்டுச்சு.”

கோட்டைச்சாமி அவரை நிமிர்ந்து பார்த்தான். “பொறி பறந்துச்சாண்ணே?”

“இல்ல.”

“பொகஞ்சுச்சா?”

“ஒண்ணும் இல்ல. பல்பு எரிஞ்சது, அம்புட்டுத்தான்.”

“பெறகென்ன?” கோட்டைச்சாமி அவர் முழங்கால்மேல் கையை வைத்தான். “பொறி இல்லாம ஒண்ணு எப்பிடிண்ணே கருகும்? சும்மா மனசப் போட்டு ஒளப்பிக்கிடாதீக. முனியராசண்ணன் பாத்த வண்டின்னா பயமில்லாம ஏறலாம்னு அவளே சொல்லுவா.”

முனியராஜ் விடவில்லை. கிளிப்பை எங்கே மாட்டினேன், ஊசியை எதில் குத்தினேன், மதுரைக்காரர் என்ன சொல்லியிருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். துக்க வீட்டில் புலம்புகிறவனுக்குத் தலையாட்டுவதுபோலக் கோட்டைச்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை. இந்த ஊரில் பொறி பறந்தால்தான் அது குற்றம். ஒரு அறை விட்டிருந்தால் முனியராஜ் அழுது தீர்த்திருப்பார்.

பிறகு கோட்டைச்சாமி எழுந்துபோய், பழக்கமில்லாத கையால் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் கொண்டுவந்து, “குடிங்கண்ணே, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு” என்றான். முனியராஜ் வாங்கிக் குடித்தார்.