ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

ஹாஜிரா பீ தெரு ஜன்னலைச் சாத்துகிறாள் என்றால், அவள் புருஷன் கரீமுல்லா வாயைத் திறக்கப்போகிறார் என்று அர்த்தம். அவர் செருப்பைக் கழற்றும் ஓசையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். செருப்பு சுவரில் மோதி விழுந்தால், கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். தாழ் விழுந்த பிறகுதான் உள்ளே இடி இடிக்கும். "இன்னாடி வூடு இது? தண்ணிச் சொம்பு எங்கடி?" சொம்பு அவர் காலடியில்தான் இருக்கும்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் வக்கீல்களுக்குக் கறுப்பு அங்கி தைப்பவர் கரீமுல்லா. பகல் பூராவும் கடையில் "ஆகட்டும் சாமி, நாளைக்கே தந்துட்றேன் சாமி" என்று குழைவார். அங்கே விழுங்கிய கோபத்தை ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து வீட்டில் இறக்குவார். ஜன்னல் எதற்கு என்று கேட்டால் ஹாஜிரா பீ, "எம் புருசன் என்னாண்ட பேசறாரு. தெருவுக்கு இன்னா வந்துது?" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அவள் மவுத்தானபோது துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "என்னா பொறுமை, என்னா பொறுமை" என்றார்கள். மகள் குல்சுமுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்தது. பொறுமையா அது? சுத்தப் பிடிவாதம்! ரவிக்கைக் கையில் எந்நேரமும் நூல் கோத்த ஊசி ஒன்று செருகியிருக்கும். பால் பொங்குவதற்குள் அங்கிக்கு ஒரு பொத்தான் காஜா எடுத்துவிடுவாள். குல்சுமுக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது அத்தா கரீமுல்லா, "இந்த வூட்ல எவளுக்காவது ஒடம்ப பாத்துக்கத் தெரியுதா?" என்று கத்திக்கொண்டே வெயிலில் நடந்துபோய், சாக்கில் சுற்றி ஐஸ் கட்டி வாங்கிவந்தார். அம்மா கத்தலைக் காதில் வாங்கவில்லை. ஐஸை மட்டும் மகளின் நெற்றியில் வைத்து, "பாத்தியா, ஒங்க அத்தா தங்கம்" என்றாள்.

நோன்பு மாதத்தில் அந்தப் பிடிவாதம் இன்னும் முற்றும். கஞ்சியில் உப்புப் பார்க்கவே மாட்டாள். "கோவக்காரப் புருசன் வாச்சவ நாக்கு நுனியில வெச்சிப் பாத்துத் துப்பிட்டா நோன்பு முறியாதுன்னு பள்ளிவாசல் அஜரத்தே சொல்லிகீறாரு. நீ பாக்கலாம்டி" என்று பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசா தலைப்பாடாக அடித்துக்கொள்வாள். "அது கோவக்காரன் பொண்டாட்டிக்கு. எனக்கு இன்னாத்துக்கு?" என்று விறகைத் தள்ளிவிடுவாள் ஹாஜிரா பீ. உப்புப் பார்த்தால், புருஷன் கோபக்காரன் என்று அவளே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா?

முப்பத்தொன்றாம் வருஷத்து நோன்பில், ராயப்பேட்டையிலிருந்து வஜீஹா தன் புருஷர் இனாயத்தோடு நோன்பு திறக்க வந்தாள். அவர்கள் மகன் உமர் ஃபாரூக்குக்குக் குல்சுமைக் கேட்டிருந்தார்கள். பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பாவைப் பற்றித்தான் யாரோ ஊதிவிட்டிருந்தார்கள். வஜீஹா நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, "உப்புப் பாத்துடேன் ஹாஜிரா. ஒனக்குத் தப்பில்லேன்னு சொன்னாங்களே?" என்று நூல் விட்டுப் பார்த்தாள்.

"அந்தச் சலுகை எனக்கில்லீங்க" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

ஆனால் வஜீஹா வருவதற்கு முன்பே குல்சும் கஞ்சியில் உப்புப் போட்டிருந்தாள். அது தெரியாமல் அம்மாவும் ஒரு கை அள்ளிப் போட்டிருந்தாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்துக்குப் பிறகு முதல் வாய்க் கஞ்சியிலேயே வஜீஹாவின் உதடு கோணிப்போயிற்று. அவள் கண் மெல்லத் திரைச்சீலைப் பக்கம் திரும்பியது. அதற்கு அந்தப் பக்கம் கூடத்தில் ஆண்கள் இருவரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு ஜன்னலும் அங்கேதான், விரியத் திறந்து கிடந்தது. அந்நிய ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அம்மா எப்படிப் போய்ச் சாத்துவாள்? அவள் பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். என் கல்யாணம் இந்தக் கோப்பையோடு போயிற்று என்று குல்சும் முடிவே கட்டிவிட்டாள்.

கூடத்தில் அத்தாவின் தொண்டைச் செருமல்.

"ஹாஜிரா... இன்னும் ஒரு கோப்ப அனுப்பு."

வஜீஹா தன் கோப்பையைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "இந்தக் கஞ்சிய ரெண்டாவது வாட்டி கேக்குற மனுசனையா எரிமலைன்னானுங்க? பெருநாளுக்கு அப்பறம் ஒரு நல்ல நாளாப் பாத்துடலாம்" என்றாள். அம்மா இன்னொரு கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். குல்சும்தான் அதை வாங்கித் திரைக்கு வெளியே நீட்டினாள்.

தொழுகை முடிந்து விருந்தாளிகளை ஜட்கா வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிய அத்தா, செருப்பை உதறினார். ஒன்று சுவரில் மோதியது. முகம் சிவந்து, மீசை துடித்து, வாய் திறந்தது. அம்மா ஒரு விரலை உயர்த்தினாள். ஜட்கா முனை திரும்பும் வரை நின்று பார்த்தாள். ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ம், இப்ப சொல்லுங்க."