மூன்று உருளைமேல் பிலோமி சிஸ்டர்

ஜனக்புரியில் நான் குடிவந்த முதல் வாரம், தினமும் விடியுமுன் எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல ஒரே சீரான இரைச்சல். கிரைண்டராக இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் தினமும் யார் மாவாட்டுவார்கள்? தையல் மெஷின் என்றால் நின்று நின்றல்லவா ஓடும்? எட்டு நிமிடம் கழித்து ‘தொம்’ என்று ஏதோ விழும். கொஞ்ச நேரம் அமைதி. திரும்ப இரைச்சல், திரும்ப எட்டு நிமிடம், திரும்ப ‘தொம்’.

இரண்டரை வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்ததில், எனக்குத் தூக்கம் எப்போதும் தவறான நேரத்தில்தான் கலைந்தது. ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவருக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். கழுத்தில் துண்டு, முழங்கையில் பிளாஸ்திரி.

“சத்தமா இருக்கோ? மன்னிச்சுக்கோ புள்ள.”

“சண்டைக்கு வரலை. உள்ள என்ன விழுதுன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“நான்தான் விழுதேன்,” என்றார்.

பிலோமி தூத்துக்குடிக்காரர். இருபத்திரண்டு வருடமாகத் தில்லியில் நர்ஸ். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. கணவர் டேவிட்சன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். கூடத்து சோபாவைப் பிலோமி சுவரோடு தள்ளிவைத்திருந்தார். நடுவில் ஒரு சட்டம். அதில் மூன்று உருளைகள். அவற்றின் மேல் ஒரு சைக்கிள். பின்சக்கரத்துக்கு இரண்டு உருளை, முன்சக்கரத்துக்கு ஒன்று. பெடலை மிதித்தால் பின்னுருளை சுற்றும். ரப்பர் பெல்ட் ஒன்று முன்னுருளையையும் கூடவே சுழற்றும். சைக்கிளை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தெருவில் போவதுபோலவே, மிதிக்கிற வரைக்கும்தான் நிற்கும்.

“ஏறிப் பாக்கியா?”

ஏறினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். கையை எடுத்த மூன்றாவது வினாடி சோபாவில் கிடந்தேன்.

“சக்கரத்தப் பாத்தேல்லா? பாக்கக் கூடாது. அந்தா, சுவிட்ச் போர்டப் பாக்கணும்.”

எங்கும் போகாத ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு பாடா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொரோனா ஊரடங்கில் பஸ்ஸும் மெட்ரோவும் நின்றபோது, பக்கத்துவீட்டுப் பையன் சைக்கிளைக் கடன் வாங்கி, பதினான்கு கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போயிருக்கிறார். ஊரடங்கு முடிந்த பிறகும் மிதிப்பதை விட மனம் வரவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் தில்லியிலிருந்து பானிபட் தாண்டிப் போய்த் திரும்பும் இருநூறு கிலோமீட்டர் சவாரி ஒன்று நடக்கிறது. பதின்மூன்றரை மணி நேரத்தில் முடித்தால் பதக்கம். போன தடவை பிலோமி பதினோரு நிமிடம் பிந்தி வந்தார்.

“பதக்கமா பெரிசு? அந்தப் பதினோரு நிமிஷம் தூங்கும்போதும் வருது புள்ள.”

நவம்பர் வந்தால் தில்லிக் காற்றில் ஓட்ட முடியாது. மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு வேலையில் மாஸ்க் மாட்டிவிட்டு, அதே காற்றில் எப்படிப் போய் மிதிப்பது? அதனால்தான் வீட்டுக்குள் இந்த உருளைச் சட்டம், ரோலர். குளிர்காலம் முழுக்கக் கால் சும்மா இருந்தால் பிப்ரவரியில் பானிபட்டே வராது.

சிக்கல் கீழ்த்தளத்தில் இருந்தது. வீட்டுக்காரர் ராமச்சந்திரன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நேர் கீழே குடியிருந்தார். முதலில் இரைச்சல் என்று புகார். அதை அடக்கப் பிலோமி ஏதோ செய்ய, இரைச்சல் குறைந்து விழுகிற சத்தம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைவரை கெடு. அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் ரோலர் வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

“ஏன் விழறீங்க? இத்தனை வருஷமா ஓட்டறவங்க?”

அவர் ஒரு நோட்டைக் காட்டினார். ஐ.சி.யூ. சார்ட் மாதிரியே கட்டம் போட்டிருந்தது: நேரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை. ஒவ்வொரு பக்கத்திலும் எட்டாவது நிமிடத்துக்கு எதிரில் சிவப்பு மையில் ‘வீழ்ச்சி’.

“பி.பி. நார்மல். சுகர் நார்மல். காதுலதான் கோளாறுன்னு நெனைக்கேன். நம்ம இ.என்.டி. டாக்டர்ட்ட திங்கக்கிழமைக்கு நேரம் வாங்கிருக்கேன்.”

மறுநாள் அவர் ஓட்டும்போது தரையில் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு அசையவில்லை, கண் சுவிட்ச் போர்டில். ஏழு நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவர் சாயும் முன்பே சட்டம் சாய்ந்தது. இடது பக்கம் மெல்ல எழும்பி, வலது பக்கம் இறங்கியது. சட்டத்துக்கு அடியில் நீலமாக ஏதோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

“இதென்ன மெத்தை?”

“அத்தைக்கு வாங்குன காத்து மெத்தை. ஒரு வருஷம் படுக்கையில கெடந்தாங்கல்லா, புண்ணு வராம இருக்க. சத்தத்த நல்லா குடிக்கும்னு மடிச்சுப் போட்டேன்.”

“ஒயர் ஒண்ணு போகுதே?”

“பம்ப்பு. ஒவ்வொரு தடவ ஏறும்போதும் போடுவேன். அது இல்லாட்டி காத்து எறங்கிருமே. எட்டு நிமிஷத்துக்கு ஒருக்கா இந்த வரிச காத்து எறங்கும், அந்த வரிச…”

குனிந்து மெத்தையைப் பார்த்தார். இருபது வருடமாக நோயாளிகளுக்கு இந்த மெத்தையைப் போட்டவர். எத்தனையோ பேர் வீட்டாருக்கு இதை விளக்கியவர். உடம்பில் கோளாறு தேடிய ஆள், மெத்தையை நினைக்கவேயில்லை.

“ஏட்டி, வெளிய சொல்லிராத. வார்டுல மானம் போயிரும்.”

டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தைப் பிலோமி ரத்து செய்தார். மெத்தை போய், பழைய டயர்களை வெட்டி அடுக்கியது வந்தது. விழுவது நின்றது, இரைச்சல் திரும்பிவிட்டது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ராமச்சந்திரன் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். இரு தரப்புக்கும் பொதுவான சாட்சி வேண்டும் என்று அவரே அழைத்திருந்தார். மங்கி குல்லாவும் சால்வையுமாகக் கட்டிலில் சாய்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பிலோமி மிதிக்கத் தொடங்கினார்.

“கேக்கறதா?”

கேட்டது. பொய் சொல்ல முடியவில்லை. “லேசா கேக்குது அங்கிள்.”

“லேசாவா? மண்டைக்குள்ள வண்டு புகுந்தாப்ல இருக்கு. சிஸ்டர் தங்கமான மனுஷி. என் கையில ஊசி போட்டா வலிச்சதே இல்லை. அதுக்காக?”

பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் போயிற்று. கெடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐந்தரைக்குக் குழாயில் காற்று சீற, அவர் சட்டென்று எழுந்தார்.

“தண்ணி வந்துடுத்து,” என்று சொல்லிக் வெளியே போய் மோட்டாரைப் போட்டார். அவருடையதைத் தொடர்ந்து பக்கத்து வீடு, எதிர் பிளாக் என்று ஒவ்வொரு மோட்டாராக உறுமியது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கூட லேசாக நடுங்கியது.

திரும்பி வந்து காதைக் கூர்மையாக்கினார். “நிறுத்திட்டாளா?”

எனக்கும் தெரியவில்லை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். பிலோமி வியர்வை சொட்ட மிதித்துக்கொண்டிருந்தார். “என்ன சொல்லுதாரு?” என்று சுவிட்ச் போர்டைப் பார்த்தபடியே கேட்டார். பதில் சொல்லுமுன் என் பின்னால் படியேறும் சத்தம். ராமச்சந்திரன் கதவில் கைவைத்து மூச்சு வாங்கினார். இந்த யந்திரத்தை அவர் அன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. குனிந்து உருளைகளைப் பார்த்தார். சுற்றி வந்து பெல்ட்டைப் பார்த்தார்.

“சிஸ்டர், இது எங்கேயும் போகலையே!”

“போகாது சார்.”

“பின்ன இதுலேர்ந்து எப்படி விழுந்தேள்?”

பிலோமி என்னைப் பார்த்துவிட்டார். சைக்கிள் ஆடியது, கதவு நிலையை எட்டிப் பிடித்துக்கொண்டார். நான் சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அச்சா. மோட்டார் ஓடற வரைக்கும் ஓட்டிக்கோங்கோ. அது நின்னா நீங்களும் நின்னுடணும்.”

“தண்ணி பத்து நிமிஷந்தான் வந்துதுன்னா?”

“பத்து நிமிஷம் ஓட்டுங்கோ. தண்ணி விடற ஜல் போர்டு என் மாமனார் வீடா?”

அன்றுமுதல் பிலோமி எழுந்ததும் சமையலை முடித்துவிடுகிறார். வேலைக்குக் கிளம்பும் முன் தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறதோ அவ்வளவு நேரம் மிதிக்கிறார். திங்கள் நாற்பத்தெட்டு நிமிடம். செவ்வாய் இருபத்திரண்டு. புதன் எங்கோ குழாய் உடைந்து டேங்கர் வந்தது. சைக்கிள் உறை மூடியே நின்றது. பிப்ரவரிக்கு இது போதுமா என்று கேட்டேன். போதாது என்றார். விட்டுவிடப் போகிறீர்களா என்றால், “சும்மா இருக்கதுக்கு இது மேல்லா?” என்கிறார்.

வியாழன் காலை நான் போனபோது அவர் சைக்கிளில் ஏறி, ஒரு கால் பெடலிலும் ஒரு கை கதவு நிலையிலுமாகக் காத்திருந்தார். வெளியே ஒரு மோட்டாரும் ஓடவில்லை. நாற்காலிமேல் இருந்த ஃபோன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. திரையில் ராமச்சந்திரன் பெயர்.

“குழாய்ல காத்து வரும்போதே மிஸ்டு கால் குடுத்துருதாரு,” என்றபடி பிலோமி கையை எடுத்தார். “ரெண்டு நிமிஷம் லாபம்.”