டாக்டர் பெயரைச் சொன்ன ரிக்ஷாக்காரன்

காரணமில்லாமல் ஒருவன் இன்னொருவரைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் தட்டும். பிறவிக் குணம், என்ன செய்ய. இருபத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். மருந்துக் கம்பெனிக்காரன் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் பாட்டிலைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என் கண்ணில்தான் செவிலிமேடு சிட்டிபாபு வந்து விழுந்தான்.

அது 1971. காஞ்சிபுரம் மேட்டுத் தெருவில் டாக்டர் கிருஷ்ணவேணி அம்மாள் கிளினிக் திறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அங்கே நான், கோதண்டபாணி, கம்பவுண்டர். சிட்டிபாபு பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவன். வெளியூர் பஸ்ஸிலிருந்து துண்டில் சுற்றிய குழந்தையோடு யாராவது இறங்கினால் போதும், நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். "இந்த அம்மாகிட்ட கண்ணை மூடிக்கினு காட்டலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவானாம்.

யார் அவனைச் சொல்லச் சொன்னது? அதுதான் என் மண்டையைக் குடைந்த கேள்வி.

ஏனென்றால் எங்கள் ஊரில் எந்த ரிக்ஷாக்காரனும் சும்மா வாயைத் திறக்கமாட்டான். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் ஒரு கடையின் பெயரைச் சொல்லி ஏறுவார்கள். "அங்க ஜரிகை சரியில்லீங்க" என்று இவன் ஆரம்பிப்பான். கடைசியில் வண்டி எந்தக் கடை கமிஷன் கொடுக்கிறதோ அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். சிட்டிபாபுவும் அப்படிக் கூட்டிப்போகிறவன்தான், அதை அவன் ஒளித்ததும் இல்லை. அப்படியிருக்க டாக்டரிடம் மட்டும் தர்மத்துக்கா ஆள் கொண்டுவருவான்? ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

இத்தனைக்கும் எங்கள் டாக்டரம்மா விதி என்றால் விதி என்று இருப்பவர். டாக்டர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது மெடிக்கல் கவுன்சில் போட்ட விதி. போர்டில் பெயர், படிப்பு, பார்க்கும் நேரம், அவ்வளவுதான். நோட்டீஸ் அடிக்கக் கூடாது, சினிமாக் கொட்டகையில் சிலைடு போடக் கூடாது. ஆள் வைத்து நோயாளி பிடித்தால் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் தொழிலே செய்ய முடியாது. எங்கள் போர்டு ஒன்றரை அடிக்கு ஒரு அடி. எதிரே இருந்த சோடாக் கடை போர்டு அதைப்போல நாலு மடங்கு. ஒருமுறை பக்கத்துக் கோயிலுக்கு டாக்டரம்மா டியூப் லைட் வாங்கிக் கொடுத்தார். உபயம் டாக்டர் கிருஷ்ணவேணி எம்.பி.பி.எஸ். என்று சிவப்புப் பெயிண்டில் எழுதக் கோயில்காரர்கள் தயாராக இருந்தார்கள். எழுதவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். "பேரு போடாம எங்க ஊர்ல லைட்டு எரியாதும்மா" என்று தர்மகர்த்தா சலித்துக்கொண்டு போனார். அந்த லைட்டை மாட்டினார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

இந்த விதியெல்லாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான். பஸ் ஸ்டாண்டு எதிர்ச் சுவரில் பரமசிவம் என்று ஒருவர் ஆள் உயர எழுத்தில் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். முன்னால் டாக்டர் என்று தானே போட்டுக்கொண்டார். குழந்தைகளின் சகல வியாதிகளும் மூன்றே நாளில் தீரும் என்று கீழே ஒரு வரி. அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அதனால் அவரைக் கேட்கவும் ஆளில்லை.

சிட்டிபாபுவின் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பாலாற்றில் மணல் அள்ளினான், அரிசி மில்லில் மூட்டை தூக்கினான், கடைசியில் வாடகை ரிக்ஷா. மனைவி மேரி சித்தாள் வேலைக்குப் போகிறவள். ஆள் ஒல்லி, குரல் மட்டும் தெருக்கோடிக்குக் கேட்கும். பத்துப் பைசா குறைந்தால் பத்து நிமிஷம் நின்று சண்டை போடுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு டாக்டருக்காக இலவசமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறான் என்றால் நான் நம்பவேண்டுமாம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நோயாளிகளிடம் தனியாக விசாரித்தேன். வழக்கமான வாடகைதான் வாங்கியிருந்தான். பணப்பெட்டிப் பக்கம் அவன் வருகிறானா என்று பார்த்தேன், வாசல்படியே ஏறவில்லை. ஒரே ஒரு விஷயம் சிக்கியது. பொங்கலுக்கு அம்மா அவனுக்கு ஒரு வேட்டி கொடுத்தார். பால்காரருக்கும் சலவைக்காரருக்கும்கூடக் கொடுத்தார்தான். இருந்தாலும் அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆனி மாதம் மெட்ராஸிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. அம்மா இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். யாரோ கவுன்சிலுக்கு மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார்கள். இந்த டாக்டர் ரிக்ஷாக்காரர்களை ஏவி பஸ் ஸ்டாண்டில் நோயாளி பிடிக்கிறார், அதற்குக் கூலியாகப் பொங்கலுக்கு வேட்டி கொடுக்கிறார் என்று புகார். முப்பது நாளுக்குள் விளக்கம் தரவேண்டும், தவறினால் பெயர் நீக்கப்படலாம்.

"வேட்டி விஷயம் யாருக்குத் தெரியும், கோதண்டபாணி?" என்று அம்மா கேட்டார்.

எனக்கும் அம்மாவுக்கும் சிட்டிபாபுவுக்கும்தான் தெரியும். டீக்கடையில் இரண்டு மூன்று பேரிடம் நான் சொல்லியிருக்கலாம். அதை அப்போது நான் சொல்லவில்லை. "அவனேதான் குடிச்சிட்டு உளறியிருப்பான்மா" என்றேன். எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. என் சந்தேகப் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள்.

மறுநாள் சிட்டிபாபுவைக் கூட்டிவந்தேன். அம்மா உட்காரச் சொன்னார், அவன் உட்காரவில்லை. விதியைப் பொறுமையாக விளக்கினார். இனிமேல் என் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். அவனுக்கு விளங்கவேயில்லை.

"பட்டுக் கடைக்கு ஆள் இட்டுக்கினு போனா கமிஷன் குடுக்கறான். உங்ககிட்ட நல்லதுன்னு சொல்லி இட்டுக்கினு வந்தா கேசா? இது இன்னாம்மா ஞாயம்?"

"காசு வாங்கிக்கிட்டு சொல்றவங்களும் இருக்காங்க சிட்டிபாபு. யாரு வாங்கினாங்க, யாரு வாங்கலைன்னு மெட்ராஸ்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் சும்மா இருக்கவில்லை. "யோவ், உனக்கு இதுல என்னதான் லாபம்? அதைச் சொல்லு" என்று அவன் வாயைப் பிடுங்கினேன்.

அவன் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம்தான் சொன்னான். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எம் பெரிய பையன் தாவீதுக்கு நாலு வயசுல காய்ச்சல். தூக்கிக்கினு ஓடியாந்தேன். அந்தச் செவுத்துல எழுத்து இம்மாம் பெருசா இருந்துச்சு. இம்மாம் பெருசா எழுதிக்கீறான்னா பெரிய டாக்டராத்தான் இருப்பான்னு பூந்துட்டேன். மூணாம் நாளு கொண்டுபோய்ப் பொதைச்சோம். நல்ல டாக்டருங்க பலகை சின்னதா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலம்மா."

அம்மா கையிலிருந்த கடிதாசியை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "நீங்க எங்கிட்ட வைத்தியமே பாத்ததில்லையே. நான் நல்ல டாக்டர்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்றார்.

"மொதல்ல நான் இட்டுக்கினு வந்த பத்து பேர்ல ரெண்டு பேரை, இது என்னால முடியாது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு காசு வாங்காம அனுப்பிட்டீங்க. முடியாதுன்னு சொல்ற டாக்டரை நான் அதுக்கு மின்ன பாத்ததில்ல."

எனக்கே ஒரு நிமிஷம் என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனால் குணம் எங்கே போகும்? அவன் வாசலுக்குப் போனதும் ஒரு காகிதத்தில் எழுதினேன். நான் டாக்டரிடம் எந்தக் காலத்திலும் பணம் வாங்கியதில்லை, இனி அவர் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன், இப்படிக்கு. அம்மா அதைக் கேட்கவில்லை, முழுக்க என் யோசனைதான். அவன் கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினேன். "நான் வாயால சொன்னா போதாதா சார்?" என்றான். போதாது என்றேன். சொல்லப்போனால் அந்தக் காகிதத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் கவுன்சில் புகாரைக் கைவிட்டது. டாக்டரம்மா தொழிலில் தொடர்ந்தார். அதை யாரும் மறுக்க முடியாது.

கைநாட்டு வாங்கியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்ன சொல்லில் நிற்கிறானா என்று பார்க்க நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாழைப்பழக் கடை ஓரமாக நின்றேன். காலை பதினொரு மணி இருக்கும். வாலாஜாபாத் பஸ் வந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள். குழந்தை தலையைத் தூக்கவில்லை, கழுத்து வீங்கியிருந்தது.

நேராக சிட்டிபாபுவிடம் போனாள். "அண்ணா, இங்க கொழந்தைங்களைப் பாக்கற நல்ல டாக்டரு யாரு இருக்காங்க?"

அவன் வாயைத் திறந்துவிட்டான். அப்போதுதான் என்னைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது. "எனக்குத் தெரியாதும்மா" என்றான். சொல்லிவிட்டு ரிக்ஷாவின் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தான், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அய்யா, உங்களுக்குத் தெரியுமா?"

நான் கம்பவுண்டர். ரிக்ஷாக்காரன் சொன்னாலே வம்பு, நான் சொன்னால் கேட்கவே வேண்டாம். அவளே யாரோ ஏவிவிட்ட ஆளாக இருந்தால்? அப்படியும் ஓடியது என் புத்தி. "விசாரிச்சுப் பாரும்மா" என்றேன். அவள் நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பழக்கடைக்காரரிடம் அது என்ன எழுத்து என்று கேட்டாள், அவர் படித்துச் சொன்னார். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

சிட்டிபாபு வாக்குத் தவறவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டுக் கிளினிக்குக்குத் திரும்பினேன்.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் கிளினிக் வாசலில் ரிக்ஷா மணி விடாமல் அடித்தது. சிட்டிபாபு. வண்டியில் அதே பெண், மடியில் அதே குழந்தை. பஸ் ஏறி ஊருக்குத் திரும்பவிருந்தவளை, குழந்தையின் மூச்சுச் சத்தம் கேட்டு இவன் வண்டியில் ஏற்றிவிட்டான். யாரிடம் போகிறோம் என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லையாம்.

அம்மா குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான், இங்கிலீஷில் டிப்தீரியா. கழுத்தில் பச்சிலைப் பற்று காய்ந்து வெடித்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி? ஏம்மா முன்னாடியே எங்கயும் காட்டலை?" என்று அம்மா சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண், அங்கம்மாள், அழவில்லை. என்னைக் கைகாட்டினாள். "மூணு நாளைக்கு மின்ன வந்தேம்மா. இதோ, இவருகிட்டகூட நல்ல டாக்டரு யாருன்னு கேட்டேன். விசாரிச்சுப் பாருன்னாரு."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினார். சிட்டிபாபு எழுந்து நின்று மிதித்தான். நான் பின்னால் ஓடினேன்.

பெரியாஸ்பத்திரியில் உடனே விஷமுறிவு ஊசி போட்டார்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நோயின் விஷம் அதற்குள் இதயத்துக்கு இறங்கிவிட்டது. நாலரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் குழந்தையின் பெயர் அலமு என்பதே சீட்டில் எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இறந்த குழந்தையை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். வாலாஜாபாத் வரைக்கும் மிதித்துக்கொண்டுபோய் விடுகிறேன் என்று சிட்டிபாபு சொன்னான். வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. அங்கம்மாள் துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கிட்டே போய், "சிட்டிபாபு, நானும் கூட வரேன்பா" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் செய்கிறானோ என்று வழக்கம்போல அவன் முகத்தைத் துழாவினேன். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நான் எதற்காக வருகிறேன் என்று அவன் மனசார நினைத்ததைத்தான் சொன்னான்.

"வேணாம் சார். வழியில யாரு கேட்டாலும் அம்மா பேரைச் சொல்லமாட்டேன். நீங்க பயப்படாம போங்க."

பிறகு பெடலை மிதித்தான்.