எந்த நரம்பைக் கட்டினார்கள்?

என் தங்கை சொக்கம்மாளின் புருஷன் எல்லப்பன் ஒருத்தரையும் நம்பாதவன். ரேஷன் மண்ணெண்ணெயைக்கூடத் திரியில் தொட்டுக் கொளுத்திப் பார்க்காமல் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. குறை அவளிடம்தான் என்று மாகறல் ஊரே பேசியது. கேட்டு எனக்கு வயிறு எரியும்.

எழுபத்தேழில் நான்தான் அவனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இடது விதைப்பையில நரம்பு சுருண்டு வீங்கியிருக்கு. அந்தச் சூட்டுல உயிரணுக்களுக்கு ஓடத் தெம்பில்லை. நரம்பைக் கட்டிவிட்டா பிள்ளை பிறக்க வாய்ப்பு உண்டு."

அந்த 'கட்டிவிட்டா'தான் வினையாயிற்று. முந்தின வருஷம்தான் ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாடு முகாம் போட்டிருந்தார்கள். அதில் கட்டுவது விந்துக் குழாயை; ஊர்ப்பேச்சில் அதுவும் நரம்புதான்.

"இன்னா மச்சான், புள்ள வோணும்னு வந்தா, ஒரேயடியா கட்டி அனுப்பிடுவானுங்க போல கீதே!" என்று எல்லப்பன் என் காதைக் கடித்தான்.

சொக்கம்மாள் காலில் விழாத குறையாக அழுதாள். கடைசியில் பண்ணிக்கொண்டான்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வயல் பெருமாள் அவன் அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு, "நீயும் கட்டிக்கினியா? எந்தப் பேரு சொன்னா இன்னா, எல்லா ஆபரேஷனும் ஒண்ணுதாம்பா" என்று சிரித்தான். அதோடு எல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு வாத்தியார்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னான். இருவரும் ஒரே மாதிரி சொன்னதால், இருவரும் கூட்டு என்றான்.

பத்து மாதம் கழித்து சொக்கம்மாள் முழுகாமல் இருப்பதாகச் சேதி வந்தது. வாலாஜாபாத்தில் ஜிலேபி வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர்கள் வீடு இழவு வீடு போல இருந்தது.

"கட்டிவுட்ட ஆளுக்கு எப்படி மச்சான் புள்ள?" என்றான், அவள் காதுபடவே.

அறையத்தான் கை போயிற்று. அடக்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கே இழுத்துப் போனேன். சோதனைக்குக் கொடுத்த புட்டியை மாற்றிவிடுவார்களாம், அதன் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றி அடையாளம் வைத்தான் மகராசன். டாக்டர் கோபப்படவில்லை. மைக்ராஸ்கோப்பில் அவனையே குனிந்து பார்க்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தான்.

"ஓடுது மச்சான்... தபதபன்னு ஓடுது" என்று அழுதான். எனக்கும் கண் கலங்கிற்று. என் தங்கை மானம் பிழைத்ததே.

வீட்டுக்கு வந்தவன் நேராகப் போய் அவள் கையைப் பிடித்தான். "பூதக்கண்ணாடில என் கண்ணால பாத்துட்டேன் சொக்கு. கொயந்த என்துதான்."

அவள் கையை உருவிக்கொண்டாள். "அந்தக் கண்ணாடிய ஒரு தரம் பாத்ததும் நம்பிட்ட. ஏழு வருசமா உன் கூடக் குடித்தனம் பண்றேனே, என்னை நம்பத் தோணலியா உனக்கு?"

தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம்தான் பெண்ணை அழைத்துப் போவது எங்கள் வழக்கம். சொக்கம்மாள் மூன்றாம் மாதமே, அன்று சாயங்கால பஸ்ஸிலேயே, என்னோடு கிளம்பிவிட்டாள்.